பேஸ் கேம்ப் போகலையான்னு கேக்காதீங்க சாமிகளா!

போன அக்டோபர்ல நானும் தங்கமணியும் நேபாளம் போய்ட்டு வந்தோம். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் மலையேற்றம், முடிச்சுட்டு காத்மாண்டுல ஊர் சுத்தல், இதான் திட்டம். வந்த நாள்லேர்ந்து ஆபீஸ் கேன்டீன், அபார்ட்மென்ட் லிஃப்ட், மாமனார் வீட்டு கிரகப்பிரவேசம்னு எங்க போனாலும் ஒரே உரையாடல்தான்.

"பேஸ் கேம்ப் போனீங்களாமே?"

"இல்லைங்க, லொபுச்சே வரைக்கும் போய்ட்டு திரும்பிட்டோம்."

"அடடா..."

அந்த அடடா இருக்கே, அது எழவு வீட்டுல சொல்ற அடடா. அடுத்து, "இன்னும் எவ்ளோ தூரம் இருந்துச்சு?"ன்னு கேப்பாங்க. ஒரு பகல் நடைன்னு சொல்லுவேன். "ச்சே, கொஞ்சம் பல்லைக் கடிச்சுட்டு போயிருக்கலாமே!"

இந்தப் பதிவு அந்தப் பல்லைப் பத்திதான். கொஞ்சம் கோவமா இருக்கும். முன்னாடியே சொல்லிட்டேன்.

இந்த பல்லைக் கடிக்கிற யோசனை மக்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? வேற எங்க, நம்மகிட்டேர்ந்துதான். கிளம்புறதுக்கு முன்னாடி நான் பயணப் பதிவுகளா உக்காந்து படிச்சேன். ஒரு இருபது இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே டெம்ப்ளேட். முதல் பாகத்துல லுக்லா விமானம், ஐயோ பயம். ரெண்டாம் பாகத்துல தொங்கு பாலம், ஐயோ அழகு. நாலாம் பாகத்துல தலைவலி, வாந்தி, தூக்கமில்லை. "ஆனாலும் மன உறுதியோடு அடியெடுத்து வைத்தோம்." அஞ்சாம் பாகத்துல பாறை மேல நின்னு தேசியக் கொடியோட போட்டோ. சுபம். கீழ வாழ்த்து மழை.

அந்த நாலாம் பாகம்தான் என் பிரச்சனை. அது வீரம் கிடையாது மக்களே. மலைநோய் இருக்குறப்ப மேல ஏறினதோட வாக்குமூலம் அது. அதை வெற்றிக் கதையா எழுதினா, படிக்கிறவன் அதை வழிமுறையா எடுத்துக்குவான். நான் எடுத்துக்கிட்டேன்.

கொஞ்சம் கணக்கு பாப்போம். நம்ம ஆளுங்களுக்கு கணக்கு இல்லாம எதுவும் இறங்காது :-)

பேஸ் கேம்ப் உயரம் 5,364 மீட்டர். அங்க காத்துல ஆக்ஸிஜன் சதவீதம் நம்ம மெரினா பீச்ல இருக்குற அதே 21தான். ஆனா காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல பாதிதான். அதனால ஒரு மூச்சுக்கு கிடைக்கிற ஆக்ஸிஜனும் சுமாரா பாதி. இதுக்கு உடம்பு பழக நாள் ஆகும். மூச்சு வேகமாகணும், சிறுநீரகம் ரத்தத்தோட அமில-காரச் சமநிலையை சரி பண்ணணும். இதெல்லாம் உங்க லீவு லெட்டரைப் பாத்து நடக்காது.

அதுக்காக மருத்துவர்கள் வெச்சிருக்குற பொது விதி ரொம்ப எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல போய்ட்டா, ராத்திரி தூங்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு சுமார் 500 மீட்டருக்கு மேல கூட்டக் கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு நாள் ஏறாம தங்கணும். பகல்ல எவ்ளோ வேணா ஏறி இறங்கிக்கலாம், தூங்குறது எங்கங்கிறதுதான் கணக்கு.

லுக்லா 2,860 மீட்டர். பக்டிங் 2,610. நாம்சே பஜார் 3,440. தெங்போச்சே 3,860. டிங்போச்சே 4,410. லொபுச்சே 4,940. கோரக் ஷெப் 5,164. வழக்கமான திட்டத்துல நாம்சேல ஒரு ஓய்வு நாள், டிங்போச்சேல ஒரு ஓய்வு நாள் இருக்கும். போக எட்டு நாள், வர மூணு நாலு நாள்.

எங்க திட்டத்துலயும் ரெண்டு ஓய்வு நாளும் இருந்துச்சு. எக்செல் ஷீட்ல கலர் கலரா போட்டு வெச்சிருந்தேன். ஆனா ஒரு நாள்கூட பஃபர் கிடையாது. ஆபீஸ்ல ஒவ்வொரு ரிலீசுக்கும் "பஃபர் எங்கடா?"ன்னு மேனேஜர்கிட்ட சண்டை போடுற அதே ஆள்தான் நான்.

சீசன்ல லுக்லாவுக்கு காத்மாண்டுலேர்ந்து விமானம் பெரும்பாலும் கிடையாது. ராமேச்சாப்ங்கிற ஊருக்கு நாலஞ்சு மணி நேரம் வேன்ல போய் அங்கேர்ந்து ஏறணும். நடுராத்திரி கிளம்பி போனா, அன்னைக்கு முழுக்க மேகம். லுக்லா ஓடுபாதை நீளம் 527 மீட்டர். நம்ம மீனம்பாக்கத்துல பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் பள்ளம். மேகம் இருந்தா பைலட் ஏறவே மாட்டார், ஏறவும் கூடாது. ஒரு நாள் போச்சு.

அன்னைக்கு சாயந்தரம் டீக்கடை பெஞ்சுல உக்காந்து எக்செல் ஷீட்டை திறந்தேன். எந்த நாளை வெட்டலாம்? கோரக் ஷெப்பை வெட்ட முடியாது, பேஸ் கேம்ப் போய்டும். காலா பத்தர் சூரிய உதயத்தை வெட்ட முடியாது, போட்டோ போய்டும். காத்மாண்டு ரெண்டு நாளை வெட்ட முடியாது, பசுபதிநாதர் கோவிலுக்கு வர்றதா அம்மா வேண்டிக்கிட்டாங்க. மிச்சம் இருந்தது டிங்போச்சே ஓய்வு நாள். "சும்மா உக்காந்திருக்குற நாள்தானே"ன்னு டெலிட் அமுக்கினேன்.

கைடு தம்பி பாத்துட்டு ஒன்னுதான் சொன்னான். "தாய், அது உக்கார்ற நாள் இல்லை." (நேபாளில அண்ணனுக்கு தாய். முதல் நாள் அவன் என்னை தாய்னு கூப்பிட்டப்போ தங்கமணி சிரிச்ச சிரிப்பு இருக்கே...) எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தில "பாத்துக்கலாம் தம்பி"ன்னேன். காசு குடுக்குறவன் சொன்னா அவன் என்ன பண்ணுவான்?

கணக்கு பாருங்க. நாம்சேலேர்ந்து லொபுச்சே வரைக்கும் மூணே நாள்ல 420, 550, 530. மொத்தம் 1,500 மீட்டர், நடுவுல ஓய்வே இல்லாம.

தங்கமணி என்னை விட பல மடங்கு ஃபிட். வாரத்துல மூணு நாள் காலைல ஓடுவா, பத்து கிலோமீட்டர் பந்தயம் எல்லாம் ஓடியிருக்கா. நான் லிஃப்ட் ரிப்பேர்னா ரெண்டாவது மாடிலயே உக்காந்துடற ஆளு. அதனால யாராவது படுத்தா அது நானாத்தான் இருக்கும்னு ரெண்டு பேருமே நம்பினோம். இங்கதான் முதல் பாடம். உடல் தகுதிக்கும் மலைநோய்க்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப் போனா ஃபிட்டா இருக்குறவங்க வேகமா ஏறி மாட்டிக்கிறதுதான் அதிகம்.

தெங்போச்சேலயே அவளுக்கு தலைவலி ஆரம்பிச்சிருக்கு. சொல்லல. டிங்போச்சேல ராத்திரி சாப்பாட்டுல பருப்பையும் சோறையும் தட்டுல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கிட்டு இருந்தா. பாத்தேன். நல்லாவே பாத்தேன்.

"தலை ஒன்னும் வலிக்கல இல்ல?"ன்னு கேட்டேன்.

"லைட்டாப்பா. சரியாயிடும்."

"தண்ணி நிறைய குடி"ன்னு சொல்லிட்டு ஆக்ஸிமீட்டரை எடுத்து அவ விரல்ல மாட்டினேன். கொரோனா சமயத்துல வாங்கினது. 84 காட்டுச்சு. அந்த உயரத்துல பலருக்கும் அவ்வளவுதான் இருக்கும். "பாத்தியா, நார்மல்!"ன்னேன். எதிர்ல உக்காந்திருக்குற ஆள் சோறு சாப்பிடல, ஆனா கையில இருக்குற மெஷின் நார்மல்னு சொல்லுது. நான் மெஷினை நம்பினேன். தலைவலிதான் முக்கியம், நம்பர் இல்லைன்னு எல்லா மருத்துவக் குறிப்புலயும் எழுதியிருக்கு. படிச்சும் இருந்தேன்.

அடுத்த நாள் லொபுச்சே போற வழில துக்லா மேட்டுல நினைவுச் சின்னங்கள் வரிசையா இருக்கும். எவரெஸ்ட் பகுதில இறந்து போன மலையேறிகளுக்கு கல் அடுக்கி, பிரார்த்தனைக் கொடி கட்டி வெச்சிருப்பாங்க. பாபு சிரி ஷெர்பாவோடது அங்க இருக்கு. 1999-ல எவரெஸ்ட் உச்சில ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாம 21 மணி நேரம் தங்கின மனுஷன். 2001-ல அதே மலைல பள்ளத்துல விழுந்து இறந்துட்டார். மன உறுதி போதும்னா அவருக்கு போதாதா? நான் அங்க நின்னு போட்டோ எடுத்தேன். தங்கமணி கல்லு மேல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு இருந்தா. அசதின்னு நினைச்சுக்கிட்டேன்.

லொபுச்சேல ராத்திரி எட்டு மணி. வாந்தி. ஒரு தடவை, ரெண்டு தடவை. துண்டு எடுக்க அவ பையைத் திறந்தா, பாராசிட்டமால் அட்டைல ஏழு மாத்திரை காலி. வெளில போய்ட்டு ரூமுக்கு திரும்பி வந்தவ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. கைடு தம்பி கதவுகிட்ட நின்னு பாத்துட்டு இருந்தான். உள்ள வந்து, தரைப் பலகை இடுக்கைக் காட்டி, "தீதி, இந்தக் கோட்டு மேல நடங்க. குதிகாலை பெருவிரலுக்கு முன்னாடி ஒட்டி ஒட்டி வைங்க"ன்னான். ரோட்டுல போலீஸ் குடிச்சிருக்கியான்னு பாக்குறதுக்கு நடக்கச் சொல்லுவாங்களே, அதே மாதிரி.

மூணாவது அடில சாஞ்சுட்டா.

அப்பவும் நான் என்ன கேட்டேன் தெரியுமா? "காலைல பாத்துட்டு முடிவு பண்ணலாமா?" இதை எழுத எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு.

அவன் என்கிட்ட இந்தில பேசல, ஆங்கிலத்துல ஒரே வார்த்தைதான் சொன்னான். "டவுன்." சொல்லிட்டு ஷூ போட ஆரம்பிச்சுட்டான். தலைவலியோட நடை தள்ளாடினா அது மூளை வீக்கத்தோட அறிகுறி. காலை வரைக்கும் காத்திருந்தா சில பேருக்கு காலையே வராது. இது எனக்கு அப்புறமா டாக்டர் சொல்லித் தெரிஞ்சது. அவனுக்கு முன்னாடியே தெரியும்.

ஒன்பது மணிக்கு கிளம்பினோம். தலைல விளக்கு கட்டிக்கிட்டு போர்ட்டர் முன்னாடி, தங்கமணி கையைப் பிடிச்சுக்கிட்டு தம்பி, பின்னாடி நான். பெரிச்சே போய்ச் சேர நாலு மணி நேரம் ஆச்சு. அங்க இமாலய மீட்பு சங்கம் நடத்துற சின்ன மருத்துவ நிலையம் இருக்கு. 1973-லேர்ந்து இருக்கு, மலையேற்ற சீசன்ல மட்டும் டாக்டர்கள் வந்து தங்கி பாப்பாங்க. டெக்ஸாமெத்தசோன் மருந்து குடுத்து ஆக்ஸிஜன் வெச்சாங்க. மூளை வீக்கம் ஆரம்ப நிலைலதான் இருக்கு, சரியான நேரத்துல இறங்கிட்டீங்கன்னு சொன்னாங்க. காலைல நேரா நடந்து காட்டினா. அந்த அஞ்சடி நடையை விட பெரிய காட்சி நான் அந்த மலைல எதுவும் பாக்கல.

அங்க சீசன்ல தினமும் மத்தியானம் மலைநோய் பத்தி ஒரு பேச்சு இருக்கும். டிங்போச்சேல ஓய்வு நாள் எடுக்குறவங்க மேட்டைத் தாண்டி நடந்து வந்து கேட்டுட்டு போவாங்க. அரை மணி நேர நடைதான். நான் டெலிட் பண்ணது அந்த நாளைத்தான்.

இப்ப நம்ம பெரிய மனுஷங்க சொல்ற பதில்களுக்கு வருவோம்.

"டயமாக்ஸ் போட்டா போதும்." போதாது. அது உடம்பு பழகுறதை வேகப்படுத்தும், தடுப்புக்கு நல்ல மருந்துதான். டாக்டர்கிட்ட கேட்டு போட்டுக்கோங்க. விரல் குறுகுறுக்கும், அடிக்கடி பாத்ரூம் போகணும், கோக் சப்புன்னு இருக்கும், பரவாயில்லை. ஆனா அது மேல ஏற லைசென்ஸ் கிடையாது. பாராசிட்டமால் தலைவலியைத்தான் குறைக்கும், தலைவலிக்கான காரணம் அப்படியே இருக்கும். எரர் வருதுன்னு லாக் ஃபைலை ஆஃப் பண்ணி வெச்ச மாதிரி.

"ஹெலிகாப்டர் வந்துடும்." ராத்திரில வராது. மேகம் இருந்தா வராது. எங்களுக்கு அடுத்த நாள் பள்ளத்தாக்கு முழுக்க மேகம்தான். இன்னொன்னு, உங்க பயணக் காப்பீட்டுல எந்த உயரம் வரைக்கும் செல்லும்னு சின்ன எழுத்துல இருக்குற வரியை எத்தனை பேர் படிச்சீங்க?

"கைடுங்க சும்மா பயமுறுத்துவாங்க, ஹெலிகாப்டர் கமிஷன்." இதுல பாதி உண்மை இருக்கு, மறைக்க மாட்டேன். லேசான தலைவலிக்கெல்லாம் பயமுறுத்தி ஹெலிகாப்டர்ல ஏத்தி, ஒரே பயணத்துக்கு பல காப்பீட்டு நிறுவனங்களுக்கு பில் போட்ட மோசடி பத்தி 2018-ல நேபாள அரசே விசாரணை நடத்துச்சு. நடந்த அநியாயம்தான். ஆனா எங்க தம்பி ஹெலிகாப்டர்னு வாயே திறக்கல. நடந்து இறங்கச் சொன்னான். நடந்து இறங்குறதுல யாருக்கும் கமிஷன் கிடையாது. இறங்குங்கன்னு சொல்றவரை நம்பலாம்.

"நாங்க போனப்ப ஒன்னும் ஆகலையே." ஆகாதவங்கதானே பதிவு எழுதுறீங்க? ஆனவங்க எழுதல, திரும்பினவங்க வெக்கப்பட்டுக்கிட்டு எழுதல. டெஸ்ட் பாஸ் ஆன கேஸை மட்டும் ரிப்போர்ட்ல வெச்சா எந்த சாஃப்ட்வேரும் சூப்பர்தான்.

சரி, இப்போ புருஷன் பொண்டாட்டியா போறவங்களுக்கு முக்கியமான விஷயம். தனியா போறவனுக்கு தலை வலிச்சா அவன் முடிவு அவனோடது. நண்பர்களோட போனா ஒருத்தன் இல்லாட்டி ஒருத்தன் திட்டுவான். ரெண்டு பேரா போறப்பதான் ஆபத்து அதிகம்னு நான் நினைக்கிறேன். ஏன்னா ஒருத்தருக்காக ஒருத்தர் பொய் சொல்லுவோம். அவ ரெண்டு வருஷமா பாத்திருக்கா, நான் வால்பேப்பர்ல அந்த மலையை வெச்சிருந்ததை. தன்னால அது கெடக்கூடாதுன்னு மாத்திரையை முழுங்கினா. நானும் அவ மாத்திரை போடறான்னு தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டேன். அன்புங்கிற பேர்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு அபாயத்தை மறைச்சோம்.

ஒரு ஆளை விட்டுட்டேன். பெரிச்சேல டாக்டர் தங்கமணியைப் பாத்து முடிச்சதும் திரும்பி, எங்க போர்ட்டரைப் பாத்து, உங்களுக்கு தலைவலி இருக்கான்னு நேபாளில கேக்க வெச்சாங்க. அவர் ரொம்ப நேரம் கழிச்சு ஆமான்னார். ரெண்டு நாளா. நம்ம ஆளுங்க போர்ட்டர்னா எல்லாரும் ஷெர்பா, அவங்களுக்கு மலை ஒன்னும் பண்ணாதுன்னு நினைக்கிறோம். திபெத்திய வம்சாவளி ஷெர்பாக்களுக்கு உயரத்துக்கு ஏத்த மரபணு இருக்கு, உண்மைதான். ஆனா போர்ட்டர் வேலைக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் ராய், தமாங், மகர்னு கீழ்மலை ஊர்க்காரங்க. அவங்க உடம்பும் நம்ம உடம்பு மாதிரிதான் பழகணும். நம்ம மூட்டையையும் தூக்கிக்கிட்டு. 1997-ல மலைநோயால ஒரு இளம் போர்ட்டர் இறந்ததுக்கு அப்புறம்தான் சர்வதேச போர்ட்டர் பாதுகாப்புக் குழுன்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. முப்பது கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க, குளிருக்கு துணி இருக்கான்னு பாருங்க, உடம்பு முடியலைன்னா தனியா கீழ அனுப்பாதீங்கன்னு அவங்க சொல்றதெல்லாம் சாதாரண மனுஷத்தனம்தான்.

ஏன் சொல்லலைன்னு தம்பி மூலமா கேட்டேன். திருப்பி அனுப்பிட்டா கூலி போய்டும்னாராம். நாலு பேர் நடந்தோம். அதுல ரெண்டு பேருக்கு தலைவலி. ஒருத்தர் கூலிக்காக மறைச்சார், ஒருத்தி எனக்காக மறைச்சா. மூணாவது ஆள் நான், லீவுக்காக கேக்காம இருந்தேன். தம்பி ஒருத்தன்தான் நேர்மையா இருந்தான், அவன் பேச்சை நான் ராமேச்சாப்லயே வெட்டிட்டேன்.

அப்புறம் என்ன ஆச்சு? நல்லாவே ஆச்சு. ரெண்டு நாள் மெதுவா இறங்கி நாம்சே வந்தோம். தங்கமணி ஒரு தட்டு உருளைக்கிழங்கு முழுசா சாப்பிட்டா, கும்பு உருளைக்கிழங்குக்கு ஈடே கிடையாது. நாம்சேக்கு மேல 3,880 மீட்டர்ல 1971-ல திறந்த ஒரு ஹோட்டல் இருக்கு. ஏறும்போதே அங்க உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு எவரெஸ்டை கண் குளிர பாத்துட்டோம். பேஸ் கேம்ப்லேர்ந்து எவரெஸ்ட் உச்சி சரியா தெரியவே தெரியாது, தெரியுமா? முன்னாடி இருக்குற மலை மறைச்சிடும். அக்டோபர்ல அங்க பெருசா கூடாரங்களும் இருக்காது, அது ஏப்ரல் மே சமாச்சாரம். பெயின்ட்ல பேர் எழுதின ஒரு பாறை இருக்கும். அந்தப் பாறைக்காகத்தான் இவ்ளோ அடடா.

மிச்சமான நாளையெல்லாம் காத்மாண்டு பள்ளத்தாக்குல செலவு பண்ணோம். பதான்ல 1637-ல கல்லுலயே கட்டின கிருஷ்ணர் கோவில். 2015 நிலநடுக்கத்துல விழுந்து திரும்பக் கட்டின கோவில்கள். பசுபதிநாதர் கோவில்ல மூலவருக்கு பூஜை பண்ற பட்டர்கள் தலைமுறை தலைமுறையா கர்நாடகத்துலேர்ந்து வர்றவங்க. அம்மா வேண்டுதல் நிறைவேறுச்சு. பக்தபூர்ல அஞ்சு அடுக்கு நியாதபோலா கோவில், 1702-ல கட்டினது, 1934 நிலநடுக்கத்துலயும் 2015-லயும் விழாம நின்னுச்சு. அதோட படிக்கட்டுல உக்காந்து மண் சட்டில ஜூஜூ தௌ தயிர் சாப்பிட்டோம்.

அங்க வெச்சுதான் கேட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டேனே. டிங்போச்சேல."

"நீ கேக்கல. 'வலிக்கல இல்ல'ன்ன. இல்லைன்னு சொல்லச் சொன்ன."

தயிர் முடியுற வரைக்கும் நான் ஒன்னும் பேசல.

அதனால பயணப் பதிவு எழுதுற நண்பர்களே, நாலு விஷயம் கேக்குறேன்.

1. எத்தனை நாள்ல ஏறினீங்க, எங்க எங்க தூங்கினீங்க, எத்தனை ஓய்வு நாள்னு எழுதுங்க. "எட்டே நாள்ல முடிச்சோம்"னு தலைப்பு வெக்காதீங்க. அதைப் பாத்து ஒருத்தன் எக்செல் ஷீட் போடுவான்.

2. தலைவலி வந்துதுன்னா எழுதுங்க, அதோட ஏறினது தப்புன்னும் எழுதுங்க. உயரத்துல வர்ற தலைவலி, வேற காரணம்னு தெரியுற வரைக்கும் மலைநோய்தான். அதோட மேல ஏறக் கூடாது. கூடிச்சுன்னா உடனே இறங்கணும், நடுராத்திரியா இருந்தாலும்.

3. திரும்பி வந்தவங்க கட்டாயம் எழுதுங்க. வெக்கப்படாதீங்க. நான் எழுதிட்டேன், இல்ல?

4. உங்க மூட்டையைத் தூக்கினவரைப் பத்தி ஒரு வரியாவது எழுதுங்க. எத்தனை கிலோ, எங்க தூங்கினார்னு.

தம்பதியா போறவங்க லுக்லாலயே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கோங்க. யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் "இறங்கலாம்"னு சொல்லலாம். காரணம் கேக்கக் கூடாது. ஊருக்கு வந்து பத்து வருஷம் கழிச்சு சண்டைல அதை எடுத்துப் பேசவும் கூடாது. இந்த ரெண்டாவது பாதிதான் கஷ்டம்னு தங்கமணி பின்னாடி நின்னு சொல்றா :-)

அடுத்த தடவை யாராவது பேஸ் கேம்ப் போகாம திரும்பினேன்னு சொன்னா அடடான்னு சொல்லாதீங்க. "உங்ககூட வந்தவங்க நல்லா இருக்காங்களா?"ன்னு கேளுங்க.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, பின்னூட்டத்துல கேக்காதீங்க.

டிஸ்கி 2: "மறுபடி போவீங்களா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: போவோம். பதினாறு நாள் லீவு சேரட்டும். டிங்போச்சேல ரெண்டு நாள் சும்மா உக்காரப் போறோம்.

டிஸ்கி 3: வால்பேப்பரை மாத்திட்டேன். இப்ப இருக்கிறது பக்தபூர் படிக்கட்டுல ஒரு காலி தயிர் சட்டி.